ஐப்பசி மழையும் கால் மெஷினும்: பழைய புடவையில் போர்வை தைக்கிறவரின் அனுபவம்

பழைய கால் மெஷினை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டு மின்சார மெஷின் வாங்குவதா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய புடவை வேட்டியை அடுக்கிப் போர்வை தைப்பது, கொலுவுக்குத் தோரணமும் படி விரிப்பும் தைப்பது, இவைதான் உங்கள் வேலை என்றால் கால் மெஷினைக் கொடுத்துவிடாதீர்கள். மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பது மாமியார் காலத்து மெஷின். வார்ப்பிரும்புக் கால், தோல் பெல்ட், நேர்த்தையல் மட்டும்தான் போடும். பல வருஷமாக எனக்கு அதுதான் துணை.

எங்கள் பக்கம் புரட்டாசி பிறந்ததும் தையல் வேலை தொடங்கிவிடும். முதலில் கொலு, அப்புறம் தீபாவளி. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் வெளியே போகிற வேலை குறைந்துவிடும், மெஷினில் உட்கார நேரம் கிடைக்கும். மார்கழிப் பனிக்குள் போர்வையை முடித்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

போர்வைக்கு நான் பஞ்சு வைப்பதில்லை. டெல்டாவின் மழைக்கால ஈரத்தில் இலவம்பஞ்சு ஒரு தடவை நனைந்தால் காயவே காயாது, வாடை வந்துவிடும். மேலே ஒரு நூல் புடவை, கீழே ஒன்று, நடுவில் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன எட்டு முழ வேட்டி. நம் ஊர்க் குளிருக்கு இந்த மூன்று அடுக்கு தாராளம். மேல் பக்கத்துக்கு ஒட்டுத்துணி வேண்டுமானால் தையல் கடையில் ஜாக்கெட் வெட்டி மிஞ்சிய துண்டுகள் போதும். புதுத் துணி கலந்தால் முதலில் நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழையது அப்படியே இருக்க, புதியது மட்டும் சுருங்கிப் போர்வையை இழுக்கும். அம்மாவின் கூறைப்புடவை நைந்துபோனபோது கரையை மட்டும் வெட்டி ஒரு போர்வைக்கு ஓரமாக வைத்தேன். மாயவரம் கூறைநாட்டு நெசவு அது. பட்டும் நூலும் கலந்தது. உடல் இற்றுவிட்டாலும் கரை கெட்டியாகவே இருந்தது.

அடுக்கித் தைக்கும்போது எல்லாருக்கும் வருகிற தொல்லை ஒன்று உண்டு. ஊசிக்குக் கீழே துணியை நகர்த்துகிற பல் அடித்துணியை இழுத்துக்கொண்டு போகும், மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழும். இதற்கு மூன்று காரியம் செய்ய வேண்டும். தரையில் விரித்து, கைத்தையலாகப் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டு மூன்று அடுக்கையும் பிடித்துவைப்பது முதல் வேலை. அடுத்து, துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற மெஷின் பாதத்தின் அழுத்தத்தை மெஷின் தலையில் உள்ள திருகைத் தளர்த்திக் குறைப்பது. கடைசியாக, தையலை நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குக் கொண்டுபோவது. ஊசி 16ஆம் நம்பர், தையல் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர். அதே மூன்று அடுக்கில் ஒரு துண்டு வெட்டித் தைத்துப் பார்த்து, நூல் இறுக்கத்தைச் சரிசெய்துகொண்டு அப்புறம்தான் போர்வையில் கை வைப்பேன்.

“ஏங்க்கா, ஒரு மோட்டார் மாட்டிக்கக் கூடாதா?” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்பாள். மாட்டிப் பார்த்தேன். நீளமான ஓரம் அடிக்க மோட்டார் நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நாலைந்து மடிப்பு சேருகிற மூலையில் மெதுவாக ஓட்டினால் முனகிக்கொண்டு நின்றுவிடுகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று பாய்கிறது. கால் மெஷினில் அந்த இடம் வந்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் நம் பக்கமாகச் சுற்றி ஒவ்வொரு தையலாகத் தாண்டலாம்.

இந்த நிதானம்தான் தொம்பை தைக்கும்போது கைகொடுக்கிறது. திருவாரூர் ஆழித்தேரில் குழாய் குழாயாகத் தொங்கும் துணித் தொம்பையைப் பார்த்திருப்பீர்கள். அதையே சிறியதாக, கொலுவின் இரண்டு பக்கமும் தொங்கவிடத் தைக்கிறேன். சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணியில் வெள்ளைத் தாமரை வெட்டிவைத்துத் தைப்பது. இதழின் ஓரத்தில் கால் அங்குலம் உள்ளே மடித்து, வளைவில் கத்தரி நுனியால் சிறு சிறு வெட்டு கொடுத்தால் மடிப்பு படியும். இதழ் நுனிக்கு வந்ததும் ஊசி துணிக்குள் இறங்கி நிற்கும்படி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி பாதத்தை இறக்க வேண்டும். நுனி கூர்மையாக அமைவதும் மொண்ணையாகப் போவதும் ஒரே ஒரு தையலில் இருக்கிறது. அடியில் குஞ்சம் கட்டிவிட்டால் வேலை முடிந்தது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஜன்னலோரம் மெஷினை இழுத்துப் போட்டுக்கொண்டு, நனையாமல் தப்பிய புடவைகளை அடுக்கி, கூரை போன வீடுகளுக்குப் போர்வை தைத்துக் கொடுத்தோம். தெருப் பெண்கள் வெட்ட, நான் மிதித்தேன். இந்த மெஷின் மேல் எனக்குள்ள மதிப்பு அந்த நாட்களில் வந்தது.

பராமரிப்பில் முக்கியமானது எண்ணெய். மெஷின் எண்ணெய் மட்டும்தான் விட வேண்டும். வீட்டில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய் என்பதால் பலர் அதை விடுகிறார்கள். அது நாளாவட்டத்தில் பிசினாகும், மார்கழிக் காலையில் உறைந்து சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும். அப்படி ஆன மெஷினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துடைத்து, புது எண்ணெய் விட்டால் மீட்டுவிடலாம். மழையில் தோல் பெல்ட் ஈரம் குடித்துத் தொளதொளக்கும். கொஞ்சம் வெட்டிக் கொக்கியை மறுபடி மாட்டினால் போதும். மூடிவைக்கப் பிளாஸ்டிக் உறை வேண்டாம். உள்ளே ஈரம் தங்கித் துரு ஏறும். பழைய நூல் துணிதான் நல்லது.

குறைகளும் உண்டு. பிசிறு வராமல் ஓரம் அடிக்கிற ஜிக்ஜாக் இதில் கிடையாது. எல்லாவற்றையும் மடித்தே தைக்க வேண்டும். பனியன் துணியில் தையல் விட்டு விட்டு விழும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். அவர்கள் மின்சார மெஷினுக்குப் போவதுதான் சரி.

பழைய மெஷின் வாங்கப் போனால் மூன்று அடுக்குத் துணி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் தரும் மெல்லிய துண்டில் எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும். அடிநூல் சுற்றிய உருளை உட்காரும் கூடான பாபின் கேஸைக் கழற்றி உள்ளே துரு இருக்கிறதா, பல்லின் கூர் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடக் கூடாது. மேல் வண்ணம் உரிந்திருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.