கரடி பார்த்தவரிடம் எப்போது கருத்துக் கேட்பது? அங்கேயேவா, வீடு திரும்பிய பிறகா?

அலாஸ்காவின் கோடியாக் தேசிய வனவிலங்குப் புகலிடம் 1941-இல் பழுப்புக் கரடிகளைக் காக்க ஒதுக்கப்பட்டது. ஏறக்குறைய 19 லட்சம் ஏக்கர் நிலம். சாலை கிடையாது, மிதவை விமானமோ படகோதான். நுழைவாயில் என்று ஒன்று இல்லாததால், பார்வையாளர் கருத்தைக் கேட்பதே தனி வேலை.

திரும்பி வந்து இறங்கும் இடத்திலேயே கேட்டால் நினைவு பசுமையாக இருக்கும். கரடி எவ்வளவு தூரத்தில் நின்றது, பக்கத்தில் இன்னொரு குழு வந்தது தொந்தரவாக இருந்ததா என்பதெல்லாம் துல்லியமாகச் சொல்வார்கள். முகத்துக்கு நேரே கேட்பதால் மறுப்பவர்களும் குறைவு. ஆனால் சால்மன் மீன் பிடிக்கும் கரடியைக் கண்ட பூரிப்பில் எல்லாமே அருமை என்று எழுதிவிடுவார்கள். நாலைந்து கேள்விக்கு மேல் பொறுமையும் இருக்காது.

வீட்டுக்குத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால், சங்கடமான கேள்விகளையும் கேட்கலாம். எடுத்துக்காட்டாக, அலாஸ்காவிலேயே கரடி பார்க்கப் போகும் இன்னொரு இடமான மெக்நீல் ஆற்றுச் சரணாலயத்தில் குலுக்கல் நடத்தி நாளுக்குப் பத்துப் பேரை மட்டும் நீர்வீழ்ச்சிக்கு அழைத்துப் போகிறார்கள். கோடியாக்கிலும் அப்படி வரம்பு வைத்தால் ஏற்பீர்களா? இதற்கு நிதானமாக யோசித்த பதில்தான் வேண்டும். பதில் போடாதவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது மட்டும் தெரியாமலே போய்விடும்.

சரி, ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் இரண்டாவதையே எடுப்பேன். வரம்பு பற்றிய முடிவு கரடிகளின் நிம்மதியைத் தொடுகிறது. அதைப் பூரிப்பில் எழுதிய பதிலை வைத்து எடுக்கக் கூடாது. முகவரியை மட்டும் கரையிலேயே வாங்கிவிட வேண்டும்.