தார்ன் பேர்ட்ஸ்: தைத்து வந்த புத்தகமும் தீராத ரால்ஃப் எரிச்சலும்

பசை விட்டுப் பக்கங்கள் கழன்ற என் 'தார்ன் பேர்ட்ஸ்' நாவல் பிரதி பைண்டிங் முடிந்து திரும்பி வந்துவிட்டது. அட்டை கெட்டி, முதுகு கெட்டி, கையில் எடுத்தால் செங்கல் மாதிரி இருக்கிறது. ஆனால் ஓரத்தில் ஊசியை இறக்கி இறுக்கித் தைத்திருக்கிறார்கள். இடது பக்க வரிகளின் கடைசி எழுத்துகளும் வலது பக்க வரிகளின் முதல் எழுத்துகளும் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டன. இரண்டு கையாலும் பிளந்து பிடித்தால்தான் ஒரு வரியை முழுசாகப் படிக்க முடிகிறது. படுத்துக்கொண்டு படிக்கும் சுகம் போயே போச்சு. இவ்வளவு தடியான மலிவுப் பதிப்பைப் பசை போட்டு மட்டும் ஒட்டி விற்ற பதிப்பாளரைத் திட்டுவதா, தைத்தவரைத் திட்டுவதா என்று தெரியவில்லை.

ஒரு விஷயம் கவனித்தேன். பசை விட்டபோது முதலில் கழன்று விழுந்தவை காதல் பக்கங்கள் இல்லை. மேட்லாக் தீவில் கதாநாயகி மெகியும் அவளை நேசிக்கும் ரால்ஃபும் சேரும் பக்கங்கள் கடைசிவரை ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருந்தன. உதிர்ந்தவை காட்டுத்தீ வரும் பக்கங்கள்தான். நான் எந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பிரித்தேன் என்பது என்னைவிடப் புத்தகத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இந்த நேரம் பார்த்து ஒரு தோழி கேட்டாள்: "எல்லாரும் அழுதேன் அழுதேன் என்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது? படிக்கலாமா?" அவளுக்கு ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் புலம்பல் இது. கதையை மறைக்காமல் சொல்லப் போகிறேன், வேண்டாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடிப்படை விவரங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். காலீன் மெக்கல்லோ எழுதி 1977இல் வெளிவந்தது. 1915இல் நியூசிலாந்தில் தொடங்கி 1969இல் முடியும் மூன்று தலைமுறைக் கதை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ட்ரோகெடா என்ற இரண்டரை லட்சம் ஏக்கர் ஆட்டுப் பண்ணை. அங்கே வந்து சேரும் கிளியரி குடும்பம், அந்த வீட்டின் ஒரே பெண் மெகி, அவளை நேசிக்கும் கத்தோலிக்கப் பாதிரியார் ரால்ஃப். எழுதும்போது மெக்கல்லோ அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர்பேக் உரிமை மட்டும் 19 லட்சம் டாலருக்குப் போனது, அந்தக் காலத்தில் அது சாதனை விலை. அப்புறம் கோடிக்கணக்கில் விற்றது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். எரிச்சலின் பெயர் ரால்ஃப்.

முதல் வாசிப்பில் அவன்மேல் கோபம் வராது. அழகன், படித்தவன், குதிரை ஏறத் தெரிந்தவன். ஆயர் ஒருவரை அவமதித்ததற்குத் தண்டனையாகப் புழுதிக்காட்டுக்கு அனுப்பப்பட்டவன். பத்து வயதுகூட நிரம்பாத மெகியை ரயில் நிலையத்தில் பார்த்து, வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத அந்தக் குழந்தைமேல் பாசம் வைக்கிறான். அப்போது நமக்கும் மனசு நெகிழ்கிறது. மறுவாசிப்பில் அதே இடம் நெருடுகிறது. இருபதுகளின் கடைசியில் இருக்கும் ஓர் ஆள், அந்தக் குழந்தை, பின்னால் என்ன வரப்போகிறது என்று தெரிந்த நாம். ஆசிரியர் மிகவும் ஜாக்கிரதையாகத்தான் எழுதியிருக்கிறார், கோடு எதையும் தாண்டவில்லை. ஆனாலும் இன்று படிக்கும்போது நாற்காலியில் கொஞ்சம் நெளியாமல் அந்த அத்தியாயங்களைக் கடக்க முடிவதில்லை.

ஆனால் என் உண்மையான புகார் உயில் விஷயத்தில். பண்ணையின் சொந்தக்காரி மேரி கார்சன் சாகும்போது ஒரு விளையாட்டு விளையாடுகிறாள். பழைய உயிலின்படி சொத்து அவள் தம்பி பேடிக்கு, அதாவது மெகியின் அப்பாவுக்கு. புது உயிலின்படி ஒரு கோடியே முப்பது லட்சம் பவுண்டும் திருச்சபைக்கு, நிர்வாகம் ரால்ஃபின் கையில். அந்தப் புது உயிலை ஒரு கடிதத்தோடு ரால்ஃபிடமே ஒப்படைத்துவிட்டுச் செத்துப் போகிறாள். வேண்டுமானால் கிழித்துப் போடு, யாருக்கும் தெரியாது. வேண்டுமானால் வக்கீலிடம் கொடு, கார்டினல் ஆவாய். யூதாஸின் வெள்ளிக்காசையும் கிழவியே நினைவுபடுத்திவிட்டுத்தான் போகிறாள். நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பொல்லாத்தனம் இதுதான். கொலை இல்லை, ஆயுதம் இல்லை, ஒரு காகிதம் மட்டும்.

ரால்ஃப் வக்கீலிடம் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு வருந்துகிறான். இந்த வருத்தம்தான் எனக்குத் தாங்கவில்லை. கொடுத்தாயா, சந்தோஷமாகப் போய்ப் பதவியில் உட்கார். போகாமல், மெகிக்கு முத்தம் கொடுத்து, கண் கலங்கி, தன் இறுமாப்பைப் பற்றித் தானே அழகாகப் பேசி, அப்புறம்தான் போகிறான். பல வருஷம் கழித்துத் தீவுக்கு வருகிறான், மறுபடி ரோமுக்குப் போகிறான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. பாவம் செய்வதும் அவன், மன்னிக்கப்படுவதும் அவன். பிள்ளை பெற்று, பொய் சொல்லி வளர்த்து, பறிகொடுத்தவள் மெகி. ரால்ஃபுக்கு அவள் பெற்ற மகன் டேன், ரால்ஃபின் கண்ணெதிரே, அவன் முகஜாடையோடு, அவன் பொறுப்பிலேயே ரோமில் குருத்துவம் படிக்கிறான். பாட்டி ஃபீக்குத் தெரிகிறது, குயின்ஸ்லாந்தில் மெகிக்கு அடைக்கலம் கொடுத்த ஆனி முல்லருக்குத் தெரிகிறது, ரோமில் கூட இருக்கும் முதிய கார்டினலே ஊகித்துவிடுகிறார். நம் ஆளுக்கு மட்டும் தெரியவில்லை. பையன் கிரீட் தீவில் இரண்டு பெண்களைக் கடலிலிருந்து காப்பாற்றிவிட்டுச் செத்துப் போன பிறகு, உடலைத் திரும்பக் கொண்டுவர உதவி கேட்டு மெகி வந்து சொன்னால்தான் தெரிகிறது. தெரிந்த கொஞ்ச நாளில் அவள் மடியிலேயே உயிரை விடுகிறான். கடைசி வசதியும் அவனுக்கே.

இந்த இடத்தில் தோழிகள் எல்லாரும் கண்ணைத் துடைப்பார்கள். எனக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்சம் நடக்கத் தோன்றும்.

இருந்தாலும் நியாயமாகப் பேச வேண்டும். புத்தகம் வந்த காலத்தில் இந்தக் காதலுக்கு இருந்த சூடு வேறு. கத்தோலிக்கத் திருச்சபையில் சீர்திருத்தம் பேசிய ஆயர்கள் கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்தது. குருக்கள் கல்யாணம் செய்யக்கூடாது என்ற மணத்துறவு விதி தளரும் என்று பலர் எதிர்பார்த்திருக்க, 1967இல் போப் ஆறாம் பவுல் சுற்றுமடல் எழுதி அந்த விதி அப்படியே நீடிக்கும் என்று உறுதிப்படுத்தினார். அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான குருக்கள் பணியை விட்டு விலகினார்கள். அதனால் 1977இல் 'பாதிரியார் என்ன செய்வார்?' என்பது கற்பனைக் கேள்வி இல்லை, பல வீடுகளில் உட்கார்ந்து பேசிய கேள்வி. ரால்ஃப் விலகாமல் இருப்பதும் ஒரு பதில்தான். அந்தப் பதிலுக்கு அவன் கொடுத்த விலை மெகி கொடுத்ததைவிடக் குறைவு என்பதுதான் என் சண்டை.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் தைத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்? தீக்காக. ஃபீக்காக.

வறட்சியில் காய்ந்த பண்ணைமேல் மழை இல்லாமல் இடி மட்டும் இறங்குகிறது. பேடி தனியாகக் குதிரையில் போனவன். மின்னல் மரத்தில் விழுந்து, எரியும் மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறான். அவனைத் தேடிப் போகும் மகன் ஸ்டூவர்ட் கருகிய உடலைக் கண்டுபிடிக்கிறான். அடையாளம் காட்டத் துப்பாக்கியால் சுடப் போகும் நேரத்தில் காட்டுப்பன்றி பாய்கிறது. சுட்டுவிடுகிறான், ஆனால் செத்த பன்றியின் பாரம் அவன்மேல் விழுந்து மூச்சடைத்தே இறக்கிறான். அதற்கப்புறம் மழை வருகிறது. தீயை அணைக்க ஒருநாள் முன்னால் வந்திருக்க வேண்டிய மழை. இந்தப் பக்கங்களில் ஆசிரியர் யாருக்காகவும் அழவில்லை. ஆடு செத்த கணக்கும் வேலி போன கணக்கும் சொல்லும் அதே குரலில் இரண்டு சாவையும் சொல்கிறார். காதல் பக்கங்களில் கொட்டும் ரோஜா நிற வர்ணனை இங்கே ஒரு சொட்டுக்கூட இல்லை. ஒரே கை எப்படி இரண்டையும் எழுதியது என்று இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஃபீ, அதாவது ஃபியோனா, மெகியின் அம்மா. முதல் வாசிப்பில் இவளைக் கவனித்தவர்களைக் கண்டதில்லை, நானும் கவனிக்கவில்லை. சமைப்பாள், துவைப்பாள், பெறுவாள், பேசமாட்டாள். மகள் பிறந்தநாள் பொம்மையை அண்ணன்மார் பிய்த்துத் தலைமுடியைக் கழற்றிப் போட, குழந்தை கதறும் அந்த முதல் அத்தியாயத்திலேயே அம்மாவின் கவனம் வேறெங்கோ இருக்கிறது. அவள் மனசு முழுக்க மூத்தவன் ஃபிராங்க். அவன் பேடியின் மகன் இல்லை, வேறொரு காதலின் மிச்சம். கல்யாணமான பெரிய மனிதனை நேசித்து, வீட்டாரால் பேடியிடம் தள்ளிவிடப்பட்டவள் அவள். பேடி செத்த பிறகுதான் அவனை நேசித்தது அவளுக்கே தெரிகிறது. ஃபிராங்க் ஒரு கொலைக்காகப் பல பத்தாண்டு சிறையில் இருந்துவிட்டு உடைந்த மனிதனாகத் திரும்புகிறான். மெகி படப்போவது அத்தனையையும் இவள் முன்பே பட்டு முடித்திருக்கிறாள், ஒப்பாரி இல்லாமல். அதனால்தான் டேன் யார் பிள்ளை என்று இவளிடம் மெகியால் மறைக்க முடியவில்லை. தடை செய்யப்பட்ட காதல் என்று எல்லாரும் கொண்டாடுவது மெகியின் கதையை. எனக்கு அது அம்மா கதையின் சத்தமான மறுபதிப்பு.

1983இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் இது நடந்தது. ரிச்சர்ட் சேம்பர்லைனின் முகம்தான் சுவரொட்டியில். ஆனால் நடிப்புக்கான எம்மி விருதுகளில் ஃபீயாக நடித்த ஜீன் சிம்மன்ஸுக்கு ஒன்று, மேரி கார்சனாக நடித்த பார்பரா ஸ்டான்விக்குக்கு ஒன்று. சேம்பர்லைன் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போனார். எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். தொடரை மெக்கல்லோவுக்குப் பிடிக்கவே இல்லை, வெளிப்படையாகவே திட்டினார். ஆஸ்திரேலியக் கதையை அமெரிக்காவில் படம் பிடித்தால் வேறென்ன சொல்வார்?

கடைசிப் பாகம் பற்றி அதிகம் இல்லை. மெகியின் மகள் ஜஸ்டின் நல்ல வாய்த்துடுக்கான பெண், அவள் வரும்போதெல்லாம் காற்று வருகிறது. ஆனால் அவளுடைய ஜெர்மானியக் காதலர் பேசத் தொடங்கினால் பக்கம் நகராது.

அப்புறம் முன்னுரையாக வரும் அந்தப் பறவைக் கதை. முள்ளில் நெஞ்சைக் குத்திக்கொண்டு வாழ்நாளில் ஒரே ஒரு முறை பாடிச் சாகும் பறவை. வாசகர்கள் இதைப் படமாகப் போட்டுப் பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். வலித்தால்தான் உயர்வு என்று அது சொல்கிறது. தீயில் செத்த பேடி எந்தப் பாட்டும் பாடவில்லை, ஃபிராங்கும் பாடவில்லை. நாவலே தன் முன்னுரையை ஒப்புக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

தோழிக்கு அனுப்பிய பதில் இதுதான்: "இப்போது வேண்டாம்." மேலே எழுதியதைப் படித்தால் அவள் குழம்புவாள், தெரியும். ஆனால் நேற்று இரவுதான் ரால்ஃப் செத்துப்போகும் இடத்தை மறுபடி படித்துத் தொலைத்தேன், மடிப்புக்குள் போன எழுத்துகளைத் தேடித் தேடி. இந்தக் கோபத்தில் யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. அவள் பிடிவாதமாகக் கேட்டால், புதுப் பிரதியாகவே வாங்கிக்கொள்ளட்டும், கொஞ்சம் பெரிய அளவில், நூலால் தைத்த கெட்டி அட்டைப் பதிப்பாகக் கிடைத்தால் நல்லது. என் பிரதியைத் தர மாட்டேன்.