திங்க்பேட் டி480: மூன்று வருட இன்ஜினியரிங் படிப்பைத் தாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப்

2022-ல் பாலிடெக்னிக் முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு சேர்ந்தேன். லேப்டாப்புக்கு வீட்டில் ஒதுக்க முடிந்தது 30,000 ரூபாய். அந்தப் பணத்தில் ரீஃபர்பிஷ்டு, அதாவது பழையதைச் சரிசெய்து விற்கும், லெனோவோ திங்க்பேட் டி480 ஒன்றை வாங்கினோம். 2025-ல் டிகிரி முடிந்துவிட்டது. லேப்டாப் இன்னும் ஓடுகிறது, இதையும் அதில்தான் தட்டுகிறேன். இத்தனை காலம் பயன்படுத்திய பிறகு என் கருத்து இதுதான்: கையில் பணம் குறைவாக இருந்தால், பாகங்களைக் கழற்றி மாற்றக்கூடிய லேப்டாப்பாகப் பார்த்து வாங்குங்கள். வேகம், தோற்றம், மெலிவு எல்லாம் அதற்கு அப்புறம்.

அப்போது அந்த விலையில் ஷோரூமில் இருந்த புது லேப்டாப்புகளையும் பார்த்தோம். 25,000-க்குக் கீழே இருந்தவற்றில் செலரான் என்4020 மாதிரி இரண்டு கோர் பிராசசர், 4 ஜிபி ரேம், சேமிப்புக்கு 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான சிப்). விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் ஏறினாலே அந்த 64-ல் பெரும்பகுதி போய்விடும். 30,000-ஐத் தொட்டால் ஐ3 வந்துவிடும். ஆனால் பல மாடல்களில் ரேம் மதர்போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும், பிற்பாடு கூட்ட இடம் இருக்காது. இசிஇ படிக்கிறவர்களுக்கு மேட்லாப், கெய்ல், புரோட்டியஸ், கடைசி வருடத்தில் சிப் வடிவமைப்புக்கான விவாடோ என்று மென்பொருள்களின் பாரம் ஏறிக்கொண்டே போகும். முதல் நாள் போதுமான ரேம் மூன்றாம் வருடம் போதாது. ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில் தோழி அந்த விலையில் புதிதுதான் வாங்கினாள். இரண்டாவது வருடமே மூடி மடங்கும் இடத்தில் பிளாஸ்டிக் விரிந்துவிட்டது. திறக்கும்போதெல்லாம் ஸ்கிரீனின் கீழ் ஓரம் தனியாகப் பிளந்து வரும். மேல் பேனலையே மாற்ற வேண்டும் என்று சர்வீஸில் சொன்ன தொகை, அவள் ஒரு செமஸ்டருக்குக் கட்டும் மெஸ் பில் அளவுக்கு இருந்தது.

திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிடியூட், எச்பி எலைட்புக் எல்லாம் அலுவலகங்களுக்கென்று செய்யப்படுபவை. பெரிய கம்பெனிகள் இவற்றை மொத்தமாக எடுத்து, மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும். அந்தச் சரக்குதான் ரீஃபர்பிஷ் ஆகி அண்ணா சாலைக்குப் பின்னால் இருக்கும் ரிச்சி தெருவுக்கு வருகிறது. நூற்றுக்கணக்கில் வாங்கும் கம்பெனிக்கு ஒரு கீபோர்டு கெட்டால் அதை மட்டும் மாற்றத் தெரிய வேண்டும். அதனால் இந்த மெஷின்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் எளிது. எதை எப்படிக் கழற்றுவது என்று படம் போட்ட பராமரிப்புக் கையேட்டை லெனோவோ தன் தளத்திலேயே இலவசமாக வைத்திருக்கிறது.

கடையில் போய் "ஐ5 லேப்டாப்" என்று மட்டும் கேட்டால் எதையும் எடுத்து நீட்டுவார்கள். ஐ5-6300யூ, ஐ5-7300யூ, ஐ5-8350யூ மூன்றுமே ஐ5தான். இந்த மூன்றிலும் கோட்டுக்கு அடுத்து வரும் முதல் எண் தலைமுறையைக் குறிக்கும். அலுவலக லேப்டாப்புகளில் வரும் இந்த யூ வகை ஐ5-க்கு ஏழாம் தலைமுறை வரை இரண்டு கோர்கள்தான், எட்டில்தான் நான்கானது. விண்டோஸ் 11-க்கும், ஓரிரு விதிவிலக்கு தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்டின் அனுமதி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. டி480-க்கு முந்தைய டி470 பார்ப்பதற்கு அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும், விலையும் குறைவு. ஆனால் உள்ளே ஆறு அல்லது ஏழாம் தலைமுறை. அந்த விலை வித்தியாசத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

கடைக்கு என் மாமாவோடு போனேன். அவர் இன்வெர்ட்டர், யூபிஎஸ் பழுது பார்ப்பவர். கடைக்கார அண்ணன் லேப்டாப்பைத் துடைத்து மேஜையில் வைத்து, "ஏ கிரேடு பீஸ் சார், ஒரு ஸ்கிராட்ச் கூடக் கிடையாது" என்றார்.

"ஸ்கிராட்ச் இருந்தா இருக்கட்டும் தம்பி. ரீசெட் பண்ணி, வைஃபைல கனெக்ட் பண்ணிக் காட்டுங்க" என்றார் மாமா.

அப்படி அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. கம்பெனிகளிலிருந்து வரும் லேப்டாப் சில நேரம் பழைய கம்பெனியின் கணக்கில் இன்னும் பதிவாகியே இருக்கும். விண்டோஸை ரீசெட் செய்து இணையத்தில் இணைத்தால், வீட்டுப் பயனருக்கான திரைக்குப் பதிலாக அந்தக் கம்பெனியின் பெயரோடு லாகின் கேட்கும். அப்படிக் கேட்டால் அந்த மெஷினை விட்டுவிட வேண்டியதுதான். அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பு. ஆன் ஆகும்போது எஃப்1 அழுத்தி உள்ளே போய், சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திங்க்பேடில் அந்தப் பாஸ்வேர்டு இருந்து, அது என்னவென்று கடைக்காரருக்கும் தெரியாவிட்டால் பெரிய தலைவலி. எங்களுக்குக் காட்டிய முதல் பீஸில் அது இருந்தது. "வாங்கிட்டுப் போங்க, அப்புறமா எடுத்துத் தர்றேன்" என்ற பேச்சுக்கு மாமா மசியவில்லை. அடுத்த பீஸுக்குப் போனோம்.

அதில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தோம். விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் வரும். முதலாவது, பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு. இரண்டாவது, இன்று மிச்சம் இருப்பது. இந்த மாடலில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேட்டரிகள். உள் பேட்டரியில் முக்கால்வாசிக்கு மேல் மிச்சம் இருந்தது. வெளிப் பேட்டரி பாதிக்கும் கீழே போயிருந்தது. அதைக் காட்டியே விலையைக் குறைத்தோம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் போட்டு எஸ்எஸ்டி ஆரோக்கியத்தையும், வெள்ளைத் திரை கறுப்புத் திரை போட்டு ஸ்கிரீனில் செத்த புள்ளிகளையும் பார்த்தோம். டிஸ்பிளே ரெசல்யூஷனைத் தனியாகக் கேளுங்கள். டி480-ல் 1366-க்கு 768 ஸ்கிரீனும் வந்திருக்கிறது, 1920-க்கு 1080 ஸ்கிரீனும் வந்திருக்கிறது. இரண்டாவதுதான் வேண்டும். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு 25,500 ரூபாய்க்கு முடிந்தது. ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்கினோம். மீதிப் பணம் புது வெளிப் பேட்டரிக்கு.

அந்தப் பேட்டரியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்த மாடல் பிடித்துப்போனதே அதனால்தான். 24 வாட் ஹவர் பேட்டரி உள்ளே இருக்கும். இன்னொன்று பின்பக்கம் செருகுவது, 24, 48, 72 வாட் ஹவர் என மூன்று அளவுகளில் கிடைக்கும். நான் 72 போட்டேன். அது அடியில் புடைத்துக்கொண்டு நிற்கும், பின்பக்கம் கொஞ்சம் உயரும், எடையும் கூடும். தட்டச்சு செய்ய அந்தச் சாய்வு எனக்கு வசதியாகவே இருந்தது. பயன்படுத்தும்போது முதலில் வெளிப் பேட்டரிதான் கரையும், அதனால் சீக்கிரம் தேய்வதும் அதுதான். தேய்ந்தால் இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளிக் கழற்றிவிட்டு வேறொன்று செருகலாம். உள் பேட்டரி ஓடிக்கொண்டிருப்பதால் மாற்றும்போது லேப்டாப்பை அணைக்கக்கூட வேண்டாம். எங்கள் லேபில் மேஜைக்கு ஒரு பிளக் பாயின்ட், அதிலும் ஆசிலோஸ்கோப்பும் பவர் சப்ளையும் உட்கார்ந்திருக்கும். காலையில் முழு சார்ஜோடு போனால், சாதாரண வேலைக்கு மாலை ஹாஸ்டல் திரும்பும்வரை சார்ஜரைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஹாஸ்டலில் எப்போதும் பிளக்கில் இருக்கும் நாட்களுக்காக, லெனோவோ வான்டேஜ் செயலியில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைத்திருந்தேன். வாங்கியதும் நீங்களும் இதைச் செய்யுங்கள்.

சார்ஜிங் யுஎஸ்பி-சி வழியாகத்தான். கடையில் தந்த சார்ஜர் கம்பெனியின் அசலா என்று பாருங்கள், பெயர் மட்டும் ஒட்டிய டூப்ளிகேட் நிறைய சுற்றுகிறது. இந்த மாடலின் தண்டர்போல்ட் போர்ட்டுக்கு லெனோவோ ஒரு முக்கியமான ஃபர்ம்வேர் (போர்ட்டின் சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் விட்டிருக்கிறது. பழைய ஃபர்ம்வேரோடு ஓட்டினால் நாளடைவில் அந்த யுஎஸ்பி-சி போர்ட் வேலை செய்யாமல் போகலாம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் போட்டுவிட வேண்டும்.

கீபோர்டு அருமை. விசைகள் ஆழமாக அமுங்கும். ரெக்கார்டு நோட்டு, புராஜெக்ட் ரிப்போர்ட் என்று மணிக்கணக்கில் அடித்தும் விரல் வலித்ததில்லை. மூன்றாம் வருடம் அறையில் ஒருத்தி கை பட்டு டீ கொட்டியது. கீபோர்டுக்கு அடியில் வடிகால் துளை இருப்பதால் டீ மேஜைக்கு இறங்கியது, போர்டுக்குப் போகவில்லை. உடனே ஆஃப் செய்து, வெளிப் பேட்டரியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தோம். மறுநாள் ஆன் ஆகிவிட்டது, சில விசைகள் மட்டும் சர்க்கரைப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டன. கீபோர்டை மட்டும் வாங்கி மாற்றினேன். அடியில் கீபோர்டு படம் குறித்த இரண்டு திருகுகள், அப்புறம் கீபோர்டை நகர்த்தித் தூக்கினால் வந்துவிடும். ஒயர் ரிப்பனை மட்டும் பொறுமையாகக் கழற்ற வேண்டும்.

ரேமுக்கு இரண்டு ஸ்லாட். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் எமுலேட்டர் (லேப்டாப்புக்குள் ஓடும் போலி ஃபோன்) போட்டால் 8 ஜிபி திணறியது. இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 வாங்கிக் காலி ஸ்லாட்டில் செருகினேன். பயாஸில் உள் பேட்டரியை முடக்கும் ஒரு தெரிவு இருக்கிறது. அதைச் செய்து, வெளிப் பேட்டரியை எடுத்துவிட்டு, அப்புறம்தான் அடிமூடியைத் திறக்க வேண்டும். திருகுகள் மூடியிலேயே தங்கிவிடும், கீழே விழுந்து தொலையாது. விவாடோ வந்தபோது 256 ஜிபி போதவில்லை. அந்த மென்பொருள் ஒன்றே பத்துப் பத்து ஜிபியாக விழுங்கும். சிம் கார்டு மோடமுக்காக விட்டிருக்கும் எம்.2 இடத்தில் 2242 அளவுள்ள சின்ன எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, அதில் உபுன்டு ஏற்றிக்கொண்டேன். பழைய எஸ்எஸ்டி அப்படியே இருக்கிறது.

லேன் போர்ட் முழு அளவில் இருக்கிறது. நெட்வொர்க்ஸ் லேபில் ரவுட்டரோடு நேராக இணைக்க அடாப்டர் தேடாத சிலரில் நானும் ஒருத்தி. எச்டிஎம்ஐ உண்டு, விஜிஏ இல்லை. எங்கள் செமினார் ஹாலின் பழைய புரொஜெக்டருக்கு ஒரு மாற்றி வாங்கிப் பையிலேயே வைத்திருந்தேன்.

குறைகளும் உண்டு. ஸ்கிரீன் வெளிச்சம் 250 நிட்ஸ்தான். மரத்தடியிலோ பஸ் ஜன்னலோரத்திலோ உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும். நிறமும் வெளிறியே தெரியும், டிசைன் படிக்கிறவர்களுக்கு இது ஆகாது. வெப்கேம் 720பி. ஆன்லைன் இன்டர்வியூவுக்கு முகத்துக்கு நேராக விளக்கு வைத்துச் சமாளித்தேன். ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருப்பதால் என்பிடெல் பாட வீடியோ கேட்க ஹெட்போன் வேண்டும். விவாடோவில் சிந்தசிஸ் (எழுதிய கோடைச் சர்க்யூட்டாக மாற்றும் வேலை) ஓடும்போது விசிறி இரைந்துகொண்டே இருக்கும். இரண்டாவது வருட முடிவில் அந்த இரைச்சல் சாதாரண வேலைக்கும் வர ஆரம்பித்தது. திறந்து பார்த்தால், காற்று வெளியேறும் செம்புத் தகடுகளுக்கு முன்னால் தூசி மெத்தை மாதிரி படிந்திருந்தது. மாமா அதைச் சுத்தம் செய்து, பிராசசருக்கு மேல் இறுகிக் காய்ந்திருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவினார். செலவு சில நூறு ரூபாய். அதோடு இரைச்சல் அடங்கியது.

கேமிங், 3டி, ஆர்க்கிடெக்சர் ரெண்டரிங், ஜிபியு கேட்கும் மெஷின் லேர்னிங் இதெல்லாம் தேவைப்படுகிறவர்கள் இந்த வழிக்கே வர வேண்டாம். அதற்குத் தனி கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப் வேண்டும், அதற்கு 30,000 போதாது. பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி., பெரும்பாலான இன்ஜினியரிங் படிப்புகளுக்கு எட்டாம் தலைமுறை ஐ5-உம் 16 ஜிபி ரேமும் தாராளம்.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். டி480 பழையதாகிவிட்டது, விலையும் நான் வாங்கியதைவிட இறங்கியிருக்கிறது. அதற்கு அடுத்து வந்த டி490-லும் டி14 முதல் தலைமுறையிலும் கொஞ்சம் ரேம் போர்டோடு ஒட்டியே வரும், கூட்டுவதற்கு ஒரு ஸ்லாட்தான். வெளிப் பேட்டரியும் கிடையாது. எலைட்புக் 840 ஜி5, ஜி6, லாட்டிடியூட் 5490 ஆகியவற்றில் இரண்டு ரேம் ஸ்லாட்டும் உண்டு. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், 8 ஜிபி வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று இருக்காமல் கடையிலேயே 16 ஜிபியாகப் பேசி வாங்குவது லாபம். என் சித்தி மகன் பி.எஸ்சி. சேர்கிறான். அவனுக்கு ஒரு 840 ஜி6 பார்த்து வைத்திருக்கிறோம். பயாஸ் திரையின் போட்டோவையும் பேட்டரி ரிப்போர்ட்டையும் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன், இரண்டும் சரியாக இருந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம்.