லண்டன்ல கார்ப்பெட் ரிப்பேர்னு சொல்லி வர்றவங்ககிட்ட உஷாரா இருங்க, வாடகை வீட்ல இருக்குறவங்க கண்டிப்பா படிங்க

கொஞ்சம் நீளமான பதிவு, ஆனா வாடகை வீட்ல இருக்குற நம்மாளுங்க யாருக்கும் இது நடக்கக்கூடாதுன்னுதான் முழுசா எழுதுறேன்.

நாங்க இருக்குறது ஈஸ்ட் ஹாம்ல. பெட்ரூம் தரை முழுக்க கார்ப்பெட். அயர்ன் பாக்ஸ் சாஞ்சு விழுந்து உள்ளங்கை அகலத்துக்கு உருகி, கல்லு மாதிரி இறுகிப் போச்சு. இங்க வாடகை வீடுங்கள்ல நிறைய பாலிப்ரொப்பிலீன்னு ஒரு பிளாஸ்டிக் நார் கார்ப்பெட்தான் போடுறாங்க, அது 160 டிகிரி பக்கத்துலயே உருகிடும், காட்டன்ல வெச்ச அயர்ன் பாக்ஸ் 200ஐ தொடும், அப்புறம் எப்படித் தாங்கும். உடனே வீட்டை வாடகைக்கு விட்ட லெட்டிங் ஏஜென்ட்டுக்கு மெயில் போட்டு, நாங்களே ரிப்பேர் பண்ணிக் குடுக்குறோம்னு ஓகே வாங்கிட்டு ஆன்லைன்ல ஒரு ஆளைப் புடிச்சோம். "ரிப்பேர் பண்ண இடமே தெரியாது"ன்னு முன்ன பின்ன போட்டோ எல்லாம் போட்ட விளம்பரம். ஃபோன்ல 60 பவுண்டுன்னு பேசினான்.

வந்தவன் எங்களை ஒரு வார்த்தை கேக்கல, கதவுக்குப் பின்னாடி நல்லா இருந்த கார்ப்பெட்ல ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டான். கருகுன இடத்தை மேல இருந்தே கத்திரியால கன்னாபின்னான்னு வெட்டினான், கீழ மெத்துன்னு விரிச்சிருக்குற அண்டர்லேயும் சேர்ந்து கிழிஞ்சுது, அந்தத் துண்டை ஹாட் க்ளூ வெச்சு அமுக்கிட்டு முடிஞ்சுதுன்னான். கார்ப்பெட்டுக்கு நார் சாய்ற திசைன்னு ஒண்ணு இருக்கு, கையால தடவினா ஒரு பக்கம் வழவழன்னு போகும், எதிர்ப்பக்கம் சொரசொரன்னு நிக்கும். அவன் துண்டைக் குறுக்கால திருப்பி ஒட்டிட்டான். ஜன்னல் வெளிச்சத்துல பாத்தா சதுரமா கருப்பா தெரியுது, ஓரத்துல க்ளூ கட்டி கட்டியா கால்ல குத்துது. கதவுக்குப் பின்னாடி ஓட்டை அப்படியே இருக்கு.

இதுக்கு மேல ஆரம்பிச்சான் பாருங்க, "இது பழைய கார்ப்பெட், ரிப்பேர் நிக்காது, ரூம் முழுக்க மாத்தணும், நானே 850 பவுண்டுக்கு போட்டுத் தர்றேன், இல்லன்னா ஏஜென்ட் உங்க டெபாசிட்டை மொத்தமா எடுத்துக்குவான்". ரிப்பேருக்கு வந்தவனே புதுசு விக்க ஆரம்பிச்சா அங்கயே புரிஞ்சுக்கணும். கால்-அவுட் சார்ஜ் (வீட்டுக்கு வந்ததுக்கான காசு), பார்க்கிங்னு ஏத்தி 140 பவுண்டு கேஷா வாங்கிட்டுப் போனான். பில் கேட்டதுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறேன்னான், அப்புறம் நம்பரை பிளாக் பண்ணிட்டான்.

அவன் சொன்ன டெபாசிட் கதை சுத்தப் பொய். இங்கிலாந்துல 2007ல இருந்து பெரும்பாலான தனியார் வாடகை வீட்டு டெபாசிட்டை அரசு அங்கீகரிச்ச ஸ்கீம்ல போட்டே ஆகணும், தகராறு வந்தா அங்க ஒரு நடுவர் பாத்து முடிவு பண்ணுவாரு, அதுக்கு ஃபீஸ் கிடையாது. பழைய கார்ப்பெட்டுக்கு புதுசோட முழு விலையை வாடகைக்காரங்க தலைல கட்ட முடியாது. உதாரணத்துக்கு, 800 பவுண்டு கார்ப்பெட், ஆயுசு 10 வருஷம், ஏற்கனவே 8 வருஷம் ஓடிடுச்சுன்னா மிச்ச 2 வருஷத்துக்கான 160 பவுண்டு கணக்குலதான் பேச்சே. குடிவரும்போது எடுத்த இன்வென்டரியை தேடி எடுத்து வெச்சுக்கோங்க, கார்ப்பெட் எந்த நிலைமைல இருந்துச்சுன்னு அதுல இருக்கும். வேலை சரியில்லன்னா 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் படி திரும்ப ஒழுங்கா செய்யச் சொல்லலாம், இல்ல காசைக் குறைக்கச் சொல்லலாம், ஆனா கேஷ் குடுத்து பில் இல்லன்னா நிரூபிக்கறதே பெரிய பாடு. இலவசமா ஆலோசனை சொல்ற சிட்டிசன்ஸ் அட்வைஸ்ல புகார் குடுத்திருக்கேன்.

கடைசில நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து நாங்களே சரி பண்ணோம். பில்ட்-இன் அலமாரிக்குள்ள தரையிலயும் அதே கார்ப்பெட்தான் ஓடுது, ஏஜென்ட்கிட்ட கேட்டுட்டு அதோட மூலைல இருந்து துண்டு எடுத்தோம். ஒரு அட்டையை சதுரமா வெட்டி அதையே அளவா வெச்சு, புது ஸ்டான்லி பிளேடால, நாரை ரெண்டு பக்கமும் விரலால விலக்கிட்டு அடித்துணியை மட்டும் அறுக்கணும், அண்டர்லேல கத்தி படக்கூடாது. மாஸ்கிங் டேப்ல அம்புக்குறி போட்டு நார் திசையைக் குறிச்சுக்கோங்க, இதுதான் உயிர்நாடி, இது தப்பினா மத்தது எல்லாம் வேஸ்ட். ஓட்டைக்கு அடியில டபுள் சைட் கார்ப்பெட் டேப்பை பாதி உள்ள தள்ளி ஒட்டி, வெட்டுன ஓரத்துல நூல் பிரியாம இருக்க காப்பிடெக்ஸ் மாதிரி லேடெக்ஸ் கோந்து மெல்லிசா தடவி, துண்டை வெச்சு, மேல அரிசி மூட்டையை ராத்திரி முழுக்க ஏத்தி வெச்சோம். காலைல நாரை சீப்பால வாரி விட்டதும் கிட்டப் போய் குனிஞ்சு பாத்தாதான் தெரியுது. கதவுக்குப் பின்னாடி ஓட்டையும் இதே மாதிரிதான் அடைச்சோம். மொத்த செலவு 20 பவுண்டு கூட ஆகல.

கம்பளி கார்ப்பெட்னா இவ்ளோ கூட வேண்டாம், மேல மட்டும் கருகியிருந்தா சின்னக் கத்திரியால நுனியை வெட்டி விட்டாலே போதும். எதுன்னு தெரியலன்னா ஓரத்துல ஒரு நார் பிடுங்கி சிங்க்ல வெச்சு கொளுத்துங்க, முடி கருகுற வாசனை வந்து சாம்பலா உதிர்ந்தா கம்பளி, உருகி உருண்டையா நின்னா சிந்தெடிக். நூல் வளையம் வளையமா இருக்குற லூப் கார்ப்பெட்ல நூல் கிளம்பி நின்னா தயவுசெஞ்சு இழுக்காதீங்க, வரிசையா பிரிஞ்சு வந்துடும், மட்டமா வெட்டி விடுங்க.

ஆளைத்தான் கூப்பிடணும்னா ஃபோன்லயே கேளுங்க: ஒட்டுத் துண்டு எங்க இருந்து எடுப்பீங்க, எதை வெச்சு ஒட்டுவீங்க, மொத்தம் எவ்ளோன்னு மெசேஜ்ல அனுப்புவீங்களா. மழுப்புனா வெச்சிருங்க. டேப் பாதி ரோல் மிச்சம் இருக்கு, ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் யாருக்காவது வேணும்னா கமென்ட்ல சொல்லுங்க, வந்து வாங்கிக்கலாம்.