ஓசூரிலேயே இருப்பதா, அத்திப்பள்ளிக்குப் பெயர்வதா: சொத்து வரி, மின்கட்டணம், தண்ணீர்ச் செலவு குறித்த ஓர் ஒப்பீடு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பெங்களூருவின் தென்முனைக்கு வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளில் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூரில் குடியிருந்துகொண்டு தினமும் போய்வருவதா, அல்லது அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, சந்தாபுரா, ஹெப்பகோடி என்று ஏதாவது ஓர் இடத்தில் வீடு பார்த்துக்கொள்வதா என்பதே அது. 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரையிலான மெட்ரோ மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்ட பிறகு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமாகிவிட்டது. பெரும்பாலானோர் வாடகையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். வீடு வாங்குகிறவர்கள் சதுர அடி விலையை மட்டும் ஒப்பிடுகிறார்கள். குடியேறிய பிறகு ஆண்டுதோறும் கையைவிட்டுப் போகும் பணத்தை யாரும் முன்கூட்டியே கணக்கிடுவதில்லை. அந்தக் கணக்கை 2025ஆம் ஆண்டு நிலவரப்படி போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரை.

மின்கட்டணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இரண்டு மாநிலங்களும் அடிப்படையிலேயே வேறுபடும் இடம் அதுதான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கப்படுகிறது. முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை மறைந்து 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.70 ரூபாய் கணக்காகிறது. 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55 ரூபாய். இவை 2024 ஜூலையில் உயர்த்தப்பட்ட விகிதங்கள். 2025 ஜூலை உயர்வை வீட்டு இணைப்புகளைப் பொறுத்தவரை அரசே ஏற்றுக்கொண்டது. நிலைக் கட்டணம் 2022 செப்டம்பரிலேயே வீடுகளுக்கு நீக்கப்பட்டுவிட்டது. சரியாக 500 யூனிட் எரித்தால் 1,805 ரூபாய். 501 யூனிட் எரித்தால் 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் கூடுகிறது என்பதை ஓசூரில் குடியேறும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கர்நாடகத்தில், பெங்களூரு வட்டாரத்துக்கு மின்சாரம் வழங்கும் அரசு நிறுவனமான பெஸ்காம் மாதந்தோறும் பில் தருகிறது. 2025 ஏப்ரல் முதல் வீட்டு இணைப்புக்கு எத்தனை யூனிட் எரித்தாலும் யூனிட்டுக்கு ஒரே விலை, 5.80 ரூபாய். அதன்மேல் ஊழியர் ஓய்வூதியத்துக்காக யூனிட்டுக்கு 36 காசு, மின்சார விலையில் 9 சதவீத வரி, அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாதம் 145 ரூபாய் நிலைக் கட்டணம் ஆகியவை சேர்கின்றன. மூன்று கிலோவாட் இணைப்புள்ள வீட்டுக்கு விளக்கே போடாவிட்டாலும் மாதம் 435 ரூபாய் வந்துவிடும். இரண்டு மாதப் பயன்பாட்டை வைத்து, மூன்று கிலோவாட் இணைப்பு என்று கொண்டு, கர்நாடகத்தில் மாதத்துக்கு மாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டலைச் சேர்க்காமல் கணக்கிட்டால் இப்படி வருகிறது:

400 யூனிட்: ஓசூரில் 1,175 ரூபாய், அத்திப்பள்ளியில் சுமார் 3,540 ரூபாய்.
500 யூனிட்: ஓசூரில் 1,805 ரூபாய், அத்திப்பள்ளியில் சுமார் 4,210 ரூபாய்.
1000 யூனிட்: ஓசூரில் 6,870 ரூபாய், அத்திப்பள்ளியில் சுமார் 7,550 ரூபாய்.
1500 யூனிட்: ஓசூரில் 12,645 ரூபாய், அத்திப்பள்ளியில் சுமார் 10,890 ரூபாய்.

இரண்டு கணக்கும் ஏறத்தாழ 1,140 யூனிட்டில் சந்திக்கின்றன. இரண்டு ஏசி, வாட்டர் ஹீட்டர், வீட்டிலிருந்தே வேலை என்று இருக்கும் குடும்பத்துக்குத்தான் கர்நாடகத்தின் ஒரே விலை முறை லாபம். ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி என்று வாழும் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டு முறையே பெரிதும் உதவுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியைச் சேர்க்காதது. 2023இல் தொடங்கிய அத்திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். 2022-23 நிதியாண்டில் அந்த இணைப்பு மாதச் சராசரியாக எத்தனை யூனிட் எரித்ததோ, அதோடு 10 சதவீதம் சேர்த்த அளவே அந்த வீட்டுக்கு இலவசம். அதைத் தாண்டி 200க்குள் இருந்தால் கூடுதல் யூனிட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். 200ஐத் தாண்டினால் முழு பில்லும் நம் தலையில் விழும். முந்தைய பயன்பாட்டுக் கணக்கே இல்லாத புது வீட்டுக்கு 53 யூனிட் சராசரி என்று கொண்டு 58 யூனிட் மட்டுமே தரப்படுகிறது. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இத்திட்டம் உண்டு. எனவே அத்திப்பள்ளியில் வீடு பார்க்கும்போது தரைக்கு டைல்ஸ் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அந்த மீட்டரின் ஆர்.ஆர். எண்ணுக்கு (பெஸ்காம் தரும் மின் இணைப்பு எண்) எத்தனை யூனிட் தகுதி இருக்கிறது, முந்தைய குடியிருப்பவரின் ஆதார் அதிலிருந்து விடுவிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். மாதம் 150 யூனிட் தகுதியுள்ள மீட்டரும் 58 யூனிட் தகுதியுள்ள மீட்டரும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கக்கூடும்.

ஓசூர்ப் பக்கத்திலும் வாடகைக்காரருக்கு ஒரு கண்ணி இருக்கிறது. நான் ஓசூரில் முதலில் குடியிருந்த வீட்டில் நான்கு குடித்தனங்களுக்கும் சேர்த்து ஒரே மின் இணைப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒரு சப்-மீட்டர் பொருத்தி, யூனிட்டுக்கு ஒரு நிலையான விலை என்று வீட்டுக்காரர் வசூலித்தார். நான்கு குடித்தனங்களின் பயன்பாடும் ஒன்றாகச் சேர்ந்ததால் மொத்தம் எப்போதும் 500ஐத் தாண்டியது. அரசு கொடுக்கும் இலவச 100 யூனிட் எங்களில் யாருக்கும் வந்து சேரவில்லை. மேலே சொன்ன ஓசூர்க் கணக்கு முழுவதும் தனி இணைப்பு உள்ள வீட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் எனக்கு உணர்த்தின. தனி இணைப்பு இல்லாத வீட்டுக்கு வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு என்றாலும் நான் இப்போது முன்பணம் கொடுக்கமாட்டேன்.

சொத்து வரிக்கு வருவோம். ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. இங்கே வரி அரையாண்டுக்கு ஒருமுறை. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. அதற்கு 5,000 ரூபாய் என்ற உச்சவரம்பு உண்டு. தாமதித்தால் மாதம் 1 சதவீத வட்டி. 2022 ஏப்ரலில் நடந்த சீராய்வில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 1200 வரை 50 சதவீதம், 1800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். எனவே 2022க்கு முந்தைய ரசீதைக் காட்டி "வரி இவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் அதை ஏற்கக் கூடாது. அதற்குப் பின்னும் ஆண்டு உயர்வு நடைமுறையில் இருக்கிறது. ஓசூரைச் சுற்றி மாநகராட்சி எல்லைக்கு வெளியே ஊராட்சிகளில் இருக்கும் மனைப்பிரிவுகளுக்கு வீட்டு வரி மிகக் குறைவு. அதற்கேற்பத் தெருவிளக்கும் கழிவுநீர் வசதியும் குறைவு.

எல்லைக்கு அந்தப் பக்கம் வரியை ஆண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். நம் ஊர்க்காரர்கள் அதைக் கந்தாயம் என்றே சொல்கிறார்கள். ஏப்ரலில் முழுவதும் கட்டினால் அங்கும் 5 சதவீதம் தள்ளுபடி. பெங்களூரு மாநகர எல்லைக்குள் 2008இல் வந்த, சதுர அடிக்கு இவ்வளவு என்று வரி கணக்கிடும் அலகுப் பரப்பு முறையில், உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டைவிட வாடகைக்கு விட்ட வீட்டுக்கு விகிதம் இரு மடங்கு. முதலீட்டுக்காக ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட நினைக்கும் தர்மபுரிக்காரர்கள் இதைக் கவனிப்பதில்லை. 2025 ஏப்ரல் முதல் குப்பைக் கட்டணமும் வீட்டுப் பரப்புக்கேற்பச் சொத்து வரியோடு சேர்ந்து வருகிறது. 2025 செப்டம்பர் 2 அன்று பழைய பெங்களூரு மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. ஆனால் அத்திப்பள்ளியும் சந்தாபுராவும் அந்த எல்லைக்குள் வருவதில்லை. அங்கே தனித்தனிப் புரசபைகள் (சிறு நகராட்சிகள்) வழிகாட்டி மதிப்பை அடிப்படையாக வைத்து வரி விதிக்கின்றன. ஆகவே "பெங்களூரு வரி" என்று பொதுவாகப் பேசுவதில் பொருளில்லை. வீடு எந்த உள்ளாட்சியின் கீழ் வருகிறது, இ-கத்தா (உள்ளாட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு) இருக்கிறதா, அது முறையான ஒப்புதல் உள்ள சொத்துக்கான ஏ கத்தாவா, ஒப்புதலில் குறை உள்ள சொத்துக்கான பி கத்தாவா என்பதே முதல் கேள்வி. பி கத்தா வீட்டுக்கும் வரி வாங்கிக்கொள்வார்கள். வங்கிக் கடன்தான் எளிதில் கிடைக்காது.

தொழில் வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். அரசியலமைப்பே ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று வரம்பு வைத்திருப்பதால் இரு பக்கமும் அதற்கு மேல் போகாது.

வாங்குகிறவர்களுக்குப் பதிவுச் செலவு ஒரு தடவைதான் என்றாலும் தொகை பெரிது. தமிழ்நாட்டில் மனைக்கும் தனி வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 2 ஆக்கப்பட்டதால் எல்லாம் சேர்த்து 7.6 சதவீதம். 60 லட்சம் ரூபாய் மனைக்கு வித்தியாசம் 84,000 ரூபாய். புது ஃபிளாட்டுக்குக் கதை வேறு: 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரையிலான முதல் விற்பனைக்குத் தமிழ்நாட்டில் 7 சதவீதமே ஆகிறது.

என் கணிப்பில், இத்தனை வரிப் பேச்சையும்விடக் குடும்பத்தின் மாதக் கணக்கைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது நம் பல்லும் எலும்பும் அறிந்தது. அதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. அந்தக் காவிரி நீர் ஓசூர் வரை வருகிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும், ஆனால் குழாய் இருக்கிறது. எல்லை தாண்டினால், பெங்களூரு குடிநீர் வாரியத்தின் காவிரி இணைப்பு ஆனேக்கல் வட்டத்தின் பெரும்பாலான லேஅவுட்களில் இல்லை. போர் தண்ணீரும் டேங்கரும்தான். நால்வர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் மாதம் சுமார் 16,000 லிட்டர் வேண்டும். 2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது பெங்களூரு நகர மாவட்ட நிர்வாகம் 6,000 லிட்டர் டேங்கருக்கு 5 கிலோமீட்டருக்குள் 600 ரூபாய், 10 கிலோமீட்டர் வரை 750 ரூபாய் என்று விலை நிர்ணயித்தது. அந்த விலைக்கே கிடைத்தாலும் மாதம் 1,600 முதல் 2,000 ரூபாய். போர் வற்றும் கோடையில் கிருஹ ஜோதி மிச்சப்படுத்தியது முழுவதையும் டேங்கர் கொண்டுபோய்விடும். அடுக்குமாடியில் இது மெயின்டனன்ஸ் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கும். எனவே கோடை மாத மெயின்டனன்ஸ் ரசீதைத் தனியாகக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நால்வர். இரண்டு மாதத்துக்கு 380 யூனிட்டைத் தாண்டுவதில்லை, தனி இணைப்பு உண்டு, ஒகேனக்கல் குழாயும் உண்டு. பாலக்கோட்டில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டுக்கு நிலைக் கட்டணம் இல்லாததால் மின்கட்டணமே வருவதில்லை. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து நாங்கள் ஓசூரிலேயே தங்குவதென்று முடிவு செய்தோம். என் தம்பி சந்தாபுராவில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறான். அவன் மீட்டருக்கு 110 யூனிட் தகுதி இருக்கிறது, அவன் எரிப்பது எழுபதுக்குள், மெட்ரோவும் பக்கம். ஒற்றை ஆளாக அவனுக்குத் தண்ணீர்ச் செலவும் பெரிதில்லை. அவனை ஓசூருக்கு வரச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. திருமணமாகிப் பெரிய வீடு பார்க்கும்போது இந்தக் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.