ஓய்வுக்குப் பிறகு சமூகத் தொழில்: ஆறு மாதப் பயிற்சி ஒன்றின் மதிப்புரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களைச் சமூகத் தொழில்முனைவோராக்கும், அதாவது சமூகத்தில் உள்ள ஒரு குறையைத் தொழில் நடத்தித் தீர்க்கிறவர்களாக்கும் இந்த ஆறு மாத ஆன்லைன் பயிற்சிக்குக் கட்டிய பணம் வீண் போகவில்லை. பணம் ஈடானது எதனால் என்றால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நம்மோடு தனியாக உட்காரும் வழிகாட்டியால். பதிவு செய்த வீடியோ, வாராந்திர வகுப்பு, வாட்ஸ்அப் குழு ஆகியவற்றுக்காக யாரும் இதில் சேர வேண்டாம். இதே மாதிரியான பயிற்சிகளைப் பலர் நடத்துகிறார்கள். எதில் சேரப்போகிறீர்கள் என்றாலும் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பது தெரிய வேண்டுமே, அதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம், கால் இழப்பு என்று வருகிறவர்களை மறுபடி நடக்க வைப்பதும், நடக்க முடியாதவர்களை வீல்சேரில் வாழப் பழக்குவதும்தான் என் வேலையாக இருந்தது. அளவெடுத்து, பொருத்தி, ஓட்டப் பழக்கி அனுப்பிவிடுவோம். அதன் பிறகு அந்த வண்டி என்ன ஆகிறது என்று பார்க்க எங்களிடம் ஆள் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வீல்சேர் சேவையை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. எட்டாவது படி தொடர் கவனிப்பு, பராமரிப்பு, பழுதுபார்ப்பு. பணியில் இருந்த காலம் முழுக்க அந்த எட்டாவது படி காகிதத்திலேயே நின்றுபோனதைப் பார்த்து மனம் நொந்தவள் நான்.

பழுது என்றால் பெரிய பழுதெல்லாம் இல்லை. முன்சக்கரத்தின் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிச் சுற்றி இறுகிவிடும். பிறகு சக்கரம் உருளாது, இழுபடும். பின்சக்கரத்தில் காற்று இறங்கினால் பிரேக் பிடிக்காது, ஏனென்றால் அந்த பிரேக் டயரைத்தான் அழுத்திப் பிடிக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் பிரேக் போய்விட்டது என்று நினைத்து வண்டியையே மூலையில் சாத்திவிடுவார்கள். காற்றடித்திருந்தால் போதும். இருக்கைத் துணி தொய்ந்துபோனால் இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும். உணர்ச்சியற்ற உடம்பில் அந்தப் பக்கம் அழுத்தப்புண் வரும். அந்தப் புண்ணோடு அவர்கள் மறுபடி வார்டுக்கு வந்து படுப்பார்கள். எங்கள் மருத்துவமனையின் உபகரணப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து எனக்கு முன்னரே ஓய்வு பெற்ற ஒருவர், "மேடம், பாதி வண்டிக்கு ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும்" என்பார். அவரும் நானும் சேர்ந்து ஏதாவது செய்வது என்று முடிவெடுத்த பிறகுதான் இந்தப் பயிற்சியில் விண்ணப்பித்தேன்.

விண்ணப்பிக்கும்போதே ஒரு நேர்காணல் உண்டு. அது எனக்குப் பிடித்திருந்தது. "ஓய்வு நேரத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்" என்று கேட்கவில்லை. வேலையில் இருந்தபோது உங்கள் கண்ணில் மட்டும் பட்டுக்கொண்டே இருந்த குறை எது, அதைச் சரிசெய்ய உங்களோடு யார் வருவார்கள் என்று கேட்டார்கள். பொழுதுபோக்குக்கு வருகிறவர்களை அங்கேயே வடிகட்டிவிடுகிறார்கள்.

அடுத்து வீடியோக்கள். முதல் வாரமே டாக்டர் ஜி. வெங்கடசாமியின் கதை. அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல், 58 வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போன பிறகும் கண் அறுவை சிகிச்சையைக் கற்றுத் தேர்ந்தவர். பணம் கட்டுகிறவர்களிடம் வரும் வருமானத்தைக் கொண்டே கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை அளிப்பது என்று வைத்து, அதை நடத்தியும் காட்டினார். 1992-இல் அரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸையும் தாங்களே தயாரித்தார்கள். இந்த வயதில் தொழில் தொடங்க நினைக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடையாது. வீடியோவோ அதை ஒரு தனிமனிதரின் மனஉறுதிக் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறது. அவருடைய தங்கை டாக்டர் ஜி. நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் பி. நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள், அவரோடு சேர்ந்து அந்த மருத்துவமனையைக் கட்டி எழுப்பியவர்கள் என்பது ஒரு வரியாகக்கூட வரவில்லை. வெங்கடசாமி 2006-இல் காலமானார். மருத்துவமனை நின்றுவிடவில்லை, வளர்ந்தது. அறுபதை நெருங்கித் தொடங்குகிறவர் அந்த வரலாற்றில் முதலில் படிக்க வேண்டிய பக்கம் இதுதான் என்பது என் கருத்து.

இன்னொரு வீடியோவில் வயதைப் பற்றிய ஆய்வு. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புது நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்றும், அப்படி வளரும் வாய்ப்பு 30 வயதுக்காரரைவிட 50 வயதுக்காரருக்கு ஏறக்குறைய இருமடங்கு என்றும் சொல்லும் ஆய்வு அது. ஆய்வு நல்ல ஆய்வுதான். அது எடுத்துக்கொண்டது லாபத்துக்காக நடக்கும் கம்பெனிகளை. அதைக் காட்டி, அறுபத்தைந்தில் சமூகத் தொழில் தொடங்கினால் வெற்றி நிச்சயம் என்பதுபோல் பேசுவது சரியில்லை. கேட்பவர்கள் சேமிப்பைப் போட்டுத் தொடங்கப் போகிறவர்கள் என்பதை மனதில் வைத்து, சொல்லும் நம்பிக்கையை அளந்து சொல்ல வேண்டும்.

வகுப்பில் கொடுத்த தாள்களில் எனக்குக் கடைசிவரை பயன்பட்டது ஒன்றே ஒன்று: அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டர் உருவாக்கிய, ஒன்பது கட்டங்கள் கொண்ட தொழில் மாதிரித் தாள் (Business Model Canvas). ஒரு தொழில் எப்படி ஓடும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிப் பார்ப்பதற்கானது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். சமூகத் தொழிலுக்காக மாற்றி அமைத்த வடிவத்தில் வாடிக்கையாளர் என்ற கட்டத்தை இரண்டாகப் பிரித்திருப்பார்கள்: பயன் பெறுகிறவர் ஒரு பக்கம், பணம் கொடுக்கிறவர் இன்னொரு பக்கம். முதல் பக்கத்தை நான் உடனே நிரப்பிவிட்டேன். இரண்டாவது பக்கத்தில் "நன்கொடையாளர்கள்" என்று எழுதி அனுப்பியிருந்தேன். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

வழிகாட்டி என் மகன் வயதுக்காரர். மருத்துவம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மேடம், ஒரு வீல்சேர் சரியாச்சுன்னா யாருக்குச் செலவு மிச்சம்?"

இந்தக் கேள்விக்காகவே மொத்தக் கட்டணத்தையும் கொடுக்கலாம். முதியோர் இல்லத்தில் வண்டி பழுதானால் இரண்டு பணியாளர்கள் சேர்ந்து தூக்க வேண்டும். அவர்களுக்கு முதுகுவலி, தூக்கப்படுகிறவருக்கு விழும் அபாயம். நிர்வாகமோ பழையதை ஓரம்கட்டிவிட்டுப் புதிது வாங்கும். வண்டி சரியானால் மிச்சம் நிர்வாகத்தினருக்குத்தான். அப்படியென்றால் பணம் கொடுக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். இவ்வளவு காலம் நோயாளியையே பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அவர்கள் தெரியாமல் இருந்தார்கள்.

இல்லங்களுக்குப் போய்ப் பேசச் சொன்னார். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார்: உங்கள் திட்டத்தைச் சொல்லாதீர்கள், "இப்படிச் செய்தால் பணம் கொடுப்பீர்களா" என்று கேட்காதீர்கள், கடைசியாக ஒரு வண்டி பழுதானபோது என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். எதிரில் வயதானவர் உட்கார்ந்து நல்ல காரியம் செய்யப் போகிறேன் என்றால் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், அந்தச் சம்மதத்தை நம்பித் தொழில் தொடங்கக்கூடாது என்பது அவர் வாதம். இது மிகச் சரி.

ஓர் இல்லத்தின் மேலாளர் எங்கள் கேள்விக்குப் பதிலாக ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து காட்டினார். மடித்து அடுக்கிய வீல்சேர்கள், சுவரோடு சுவராக. என்னோடு வந்த டெக்னீஷியன் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் போட்டார். முன்சக்கரத்தை விரலால் சுழற்றினார், அசையவில்லை. அச்சை உருவி, இறுகிக் கிடந்த முடியைப் பிளேடால் கீறி எடுத்தார். பேரிங்கைத் துடைத்து மாட்டி மறுபடி சுழற்றியபோது சக்கரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. காற்றடித்ததும் பிரேக் கப்பென்று பிடித்தது. மேலாளர் பார்த்துக்கொண்டே நின்றார். "மாசாமாசம் வந்து பார்க்க முடியுமா, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். விலையை முதலில் பேசியது அவர். எங்கள் முதல் மாதாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் அதுதான். இல்லங்களும் மறுவாழ்வு மையங்களும் தரும் அந்த மாதத் தொகையில் மிஞ்சுவதைக் கொண்டு, வீட்டில் இருக்கும் வசதியற்றவர்களின் வண்டிகளைப் பார்க்கிறோம்.

கணக்கு எழுதும் கட்டத்தில் வழிகாட்டி பிடித்த பிடிவாதம் இன்னொன்று. எங்கள் இருவருக்கும் சம்பளம் வேண்டாம், ஓய்வூதியம் இருக்கிறது என்றோம். அவர் விடவில்லை. "நீங்க எடுத்துக்காம இருங்க மேடம், ஆனா கணக்குல எழுதுங்க. உங்க பென்ஷன் இந்தத் தொழிலோட வருமானம் இல்ல. நாளைக்கு உங்க இடத்துக்கு வர்றவருக்குச் சம்பளம் வேணும்ல?" அந்த வரியைச் சேர்த்ததும் நாங்கள் போட்டிருந்த விலை கட்டுப்படியாகாது என்று வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. விலையை ஏற்றினோம். ஏற்றியும் இல்லங்கள் ஒப்புக்கொண்டன. ஓய்வு பெற்றவர்கள் தொடங்கும் சேவைகள் அவர்கள் உடம்பு தளர்ந்ததும் ஏன் மூடப்படுகின்றன என்பதற்கு நான் கேட்ட விளக்கங்களில் இதுதான் மனதுக்கு ஒத்துப்போகிறது: இலவச உழைப்பு செலவை மறைத்துவிடுகிறது. ஒரு கணக்கு வரியில் அதைப் பிடித்துக் காட்டியவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் பயிற்சி எங்கே வைத்திருக்கிறது தெரியுமா? கடைசி வாரத்தில், "அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுதல்" என்ற ஒரே வகுப்பில். அதற்குள் பாதிப் பேர் நிறைவு விழா உரைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து வயதில் தொடங்குகிறவருக்கு அது கடைசி வாரப் பாடமாக இருக்கலாம், எங்களுக்கு முதல் வாரப் பாடம். அதை எழுத்தில் தெரிவித்திருக்கிறேன்.

சேமிப்பைப் பற்றி வகுப்பே இல்லை, இது பெரிய குறை. போனால் மறுபடி சம்பாதித்து நிரப்ப முடியாத பணம் அது. எவ்வளவு வரை போடலாம், எந்தக் கோட்டில் நிறுத்த வேண்டும், வீட்டில் இருப்பவர்களோடு அதை எப்படிப் பேசி முடிவுசெய்வது என்று ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கக்கூடாது என்ற ஒரு வாக்கியத்தையாவது யாராவது உரக்கச் சொல்லியிருக்கலாம்.

சட்ட வடிவங்கள் பற்றிய வகுப்பும் அவசரம். வங்கதேசத்தில் கிராமீன் வங்கியைத் தொடங்கிய முகமது யூனுஸ் சொல்லும் சமூக வணிகத்தில் முதலீடு செய்தவர் போட்ட பணத்தை மட்டும் திரும்ப எடுக்கலாம், லாபப் பங்கு கிடையாது. பிரிட்டனில் 2005 முதல் உள்ள சமூக நலன் கம்பெனி வடிவத்தில் நிறுவனத்தின் சொத்து தனியார் கைக்குப் போகாதபடி சட்டமே பூட்டு போட்டிருக்கிறது. இவற்றைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். அறக்கட்டளையா, கூட்டுறவா, கம்பெனியா என்று அவரவர் இடத்துச் சட்டப்படி முடிவெடுக்க இந்த வகுப்பு போதாது. ஒரு கணக்காயரிடம் தனியாகப் போய்த்தான் ஆக வேண்டும்.

இணையதளம் வயதானவர்களுக்கென்று செய்ததாகத் தெரியவில்லை. எழுத்து சிறியது. படிவத்தை நிதானமாக நிரப்பிக்கொண்டிருந்தால் நேரம் முடிந்தது என்று வெளியே தள்ளிவிடும், எழுதியது போய்விடும். வேறொரு இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒட்டுவது நல்லது. உடன் படித்தவர்கள் நல்லவர்கள்; ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எங்கள் கணக்குப் புத்தகத்தைச் சீராக்கித் தந்தார்.

யார் சேரலாம்? குறையைத் தன் தொழிலில் இருந்தே கண்டுவைத்திருப்பவர், கூட ஒருவரையாவது சேர்த்துக்கொண்டவர், சேவைக்குப் பணம் கேட்கக் கூச்சப்படுகிறவர். கடைசியாகச் சொன்னவர் கட்டாயம் சேரலாம், அந்தக் கூச்சத்தை இங்கே போக்கிவிடுகிறார்கள். "சமுதாயத்துக்கு ஏதாவது செய்யணும்" என்ற எண்ணம் மட்டும் இருப்பவர், முதலில் ஏற்கெனவே நடக்கும் ஒரு அமைப்பில் சில மாதம் உதவிப் பார்த்துவிட்டு வரலாம். நிர்வாகத்திறன் உள்ளவர்கள் அங்கேயே தேவைப்படுகிறார்கள்.

பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வழிகாட்டி தனியாக எத்தனை மணி நேரம் தருவார், இடையில் அவர் விலகினால் மாற்று யார், முந்தைய அணியினரில் மூன்று வருடம் கழித்தும் தொழில் நடத்திக்கொண்டிருக்கும் ஒருவரின் தொடர்பு கிடைக்குமா. மூன்றாவதைத் தர மறுக்கும் இடத்தில் சேர வேண்டாம். எனக்கு அப்படி ஒருவரோடு பேசக் கிடைத்தது. எழுபதைத் தாண்டியவர், அலுவலகச் சாவியைத் தன்னிடம் பயின்ற பெண்ணிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டு ஆலோசகராக மட்டும் இருக்கிறார். பயிற்சியில் சேருவது என்று நான் முடிவெடுத்தது அந்தத் தொலைபேசி உரையாடலில்தான்.