ஃபியட் காப்ரேட்டர்: கிட் போட்டா சரியாயிடும்னு சொல்றவங்களுக்கு

போன வாரம் பழைய ஃபியட் பத்மினி கார் ஒண்ணு எடுத்த மச்சான் ஃபோன் பண்ணி, "ஸ்லோ நிக்க மாட்டேங்குதுடா, ஆக்சிலேட்டர விட்டா ஆஃப் ஆயிடுது, மெக்கானிக் காப்ரேட்டருக்கு ரிப்பேர் கிட் போடலாம்ங்கறாரு, இல்ல காப்ரேட்டரே புதுசு வாங்கிடட்டுமா"ன்னு கேட்டான். இத வாயால சொல்ல ஆரம்பிச்சா எனக்கு பிபி ஏறுது, அதான் எழுதிடறேன். காப்ரேட்டர்னா எஞ்சினுக்கு பெட்ரோலையும் காத்தையும் கலந்து குடுக்கறது. என்னோடதும் அதே 1089 சிசி, அதே சோலெக்ஸ் காப்ரேட்டர், ரொம்ப வருஷமா கைல இருக்கு.

கிட்டுல என்னடா வரும்? பேக்கிங், நீடில் வால்வு, பம்ப் டயாஃப்ரம், ஒரு பிடி வாஷர், சில கிட்டுல ஜெட்டும் (பெட்ரோல் அளவா வர்ற குட்டி ஓட்டை உள்ள திருகு) இருக்கும். அந்தக் காப்ரேட்டர்ல நெஜமா தேஞ்சு போறது எது? ஆக்சிலேட்டர மிதிச்சா திரும்புமே, அந்த த்ராட்டில் ஸ்பிண்டில் போற ஓட்டை. அது பாடிலயே இருக்கறதால எந்தக் கிட்டுலயும் வராது. ரிட்டர்ன் ஸ்ப்ரிங் நாப்பது வருஷமா ஒரே பக்கமா இழுத்து இழுத்து வட்டமா இருந்த ஓட்டை முட்டை மாதிரி ஆயிருக்கும், ஸ்லோல நிக்கறப்பதான் மேனிஃபோல்டுல (எஞ்சினுக்குள்ள போற குழாய்) வேக்கம் அதிகம், அந்த இடுக்கு வழியா காத்த உறிஞ்சும், மிக்ஸர் லீன் ஆகும், அதாவது காத்து அதிகம் பெட்ரோல் கம்மி, மெக்கானிக் மிக்ஸர் ஸ்க்ரூவ தொறப்பாரு, ஸ்லோ ஸ்க்ரூவ ஏத்துவாரு, பட்டறைல அருமையா நிக்கும், அடுத்த சிக்னல்ல ஆஃப். திரும்ப போனா "ஜெட்ல அடைப்பு சார்"னு ஒரு கம்பிய விட்டு குத்துவாரு பாரு, அங்கதான் எனக்கு கோவமே வரும். மெயின் ஜெட்டு மேல போட்டுருக்கற 120, 125 எல்லாம் அந்த ஓட்டையோட விட்டம், மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கணக்குடா, கம்பி விட்டு குடைஞ்சா அந்த நம்பருக்கு என்ன மரியாத? காத்து அடிச்சா போதும்.

செக் பண்றது ஈஸி. ஸ்பிண்டில் முனைய வெரலால மேலயும் கீழயும் ஆட்டிப் பாரு. இல்லன்னா வண்டி ஸ்லோல ஓடறப்ப அந்த எடத்துல டபிள்யூடி-40 லேசா அடி, சத்தம் மாறுச்சுன்னா காத்து இழுக்குது, அவ்ளோதான். கிட் வாங்கற காச எடுத்து வச்சுக்க.

நான் கோயமுத்தூர் கணபதில ஒரு லேத்துல குடுத்து ரெண்டு பக்கமும் ஓட்டைய போர் பண்ணி கன்மெட்டல் புஷ் (வளையம் மாதிரி) எறக்கி, புது ஸ்பிண்டில் கடஞ்சு போட்டேன். லேத்துக்கு போறதுக்கு முன்னாடி ஸ்பிண்டில்ல இருக்கற வட்டத் தகட, அதான் பட்டர்ஃப்ளைய, நீயே கழட்டிடு, யார்கிட்டயும் விடாத. அதுல ரெண்டு குட்டி ஸ்க்ரூ இருக்கும், கழண்டு எஞ்சினுக்குள்ள விழுந்துடக் கூடாதுன்னு பின்னாடி முனைய தட்டி விரிச்சிருப்பான், அத அரத்தால ராவிட்டுதான் திருப்பணும், இல்ல தலை முறிஞ்சிடும். பட்டர்ஃப்ளை ஓரம் ஒரு சாய்வுல சீவியிருக்கும், அதனால எந்தப் பக்கம் மேலன்னு மார்க் போட்டுக்க. திரும்ப மாட்டறப்ப ஸ்க்ரூவ பாதி டைட்ல விட்டு, த்ராட்டில முழுசா மூடி, லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாரு. ஓரத்துல பிறை மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா இன்னும் உக்காரல, தட்டித் தட்டி உக்கார வை, அப்பறம் டைட் பண்ணி முனைய திரும்ப தட்டி விட்டுடு. மேனிஃபோல்டு மேல உக்கார்ற அடி ஃப்ளேஞ்சு வளைஞ்சிருக்கும், நட்ட முறுக்கி முறுக்கி வளைச்சிருப்பானுங்க, கண்ணாடி மேல எமரி ஷீட்ட ஒட்டி தேச்சு எடு. ஃப்ளோட் லெவலுக்கு, அதாவது சேம்பர்ல பெட்ரோல் நிக்கற உயரத்துக்கு, நீடில் வால்வுக்கு அடில இருக்கற வாஷர் கனம்தான் கணக்கு, பழைய வாஷர தூக்கிப் போட்டுடாத.

அதுக்கப்பறம் வண்டி வேற வண்டி. சத்தியமா சொல்றேன், காலைல ஒரு சோக், ஒரு செல்ஃப், அப்டியே நிக்குது. டவுனுக்குள்ள லிட்டருக்கு பத்து கிலோமீட்டர் குடுத்துட்டு இருந்தது இப்ப பன்னெண்டுக்கு மேல குடுக்குது. மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் கொண்டை ஊசில செகண்ட்ல ஏத்தறப்ப முந்தி இருந்த அந்த திக்கல் இல்ல. ஊட்டி போய் சேந்தா ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல காத்து கம்மி, மிக்ஸர் ரிச் ஆகி, பெட்ரோல் அதிகமாகி, கொஞ்சம் பொகையத்தான் செய்யும், அது காப்ரேட்டர் வண்டியோட சுபாவம், திட்ட முடியாது.

இவ்ளோ புகழ்ந்துட்டு இப்ப வயித்தெரிச்சலுக்கு வரேன். எத்தனால். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் அதான். அதுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கறதால அதே ஜெட்டுக்கு மிக்ஸர் லீனா ஓடும், ஒரு சைஸ் பெரிய ஜெட் தேட வேண்டியிருக்கு. ஈரத்த வேற இழுக்கும். மாசக்கணக்குல நிறுத்திட்டு ஃப்ளோட் சேம்பர தொறந்தா அடில வெள்ளை வெள்ளையா மாவு மாதிரி அரிப்பு, பம்ப் டயாஃப்ரம் ஊறிப் போய் வாய தொறந்துட்டு கெடக்கு. நிறுத்தப் போறீன்னா சேம்பர காலி பண்ணிட்டு நிறுத்து. சித்திரை வெயில்ல பர்லியார்ல டீ குடிக்க நிறுத்துனா வேப்பர் லாக், பெட்ரோல் சூட்டுல ஆவியாகி வராம அடைச்சுக்கும், பழையபடி ஈரத்துணிய நனைச்சு பெட்ரோல் பம்ப் மேல போட்டுட்டு நிக்க வேண்டியதுதான், பாம்பே டாக்ஸிக்காரங்க 2023 வரைக்கும் இந்த வண்டிய வச்சு எப்படித்தான் பொழப்ப ஓட்டுனாங்களோ. எஞ்சின் ஆஃப் பண்ணி கொஞ்ச நேரத்துல வர்ற பெட்ரோல் நாத்தத்துக்கு வீட்ல யாரும் வண்டில ஏற மாட்டேங்கறாங்க.

புதுசு பத்தி கேட்ட. டப்பால வர்ற டூப்ளிகேட் ஒண்ணு வாங்கிப் பாத்தேன், பேரு வேணாம். புதுசுலயே ஸ்பிண்டில் ஆடுது! ஜெட்ல நம்பர் ஒண்ணு, ஓட்டை வேறொண்ணு. நண்பர் ஒருத்தர் அடாப்டர் ப்ளேட் வெட்டி மாருதி 800 காப்ரேட்டர் மாட்டிருக்காரு, லிங்கேஜ் எல்லாம் மாத்தணும், ஆனா ஸ்டார்ட்டிங் சூப்பர், ஏத்தத்துலதான் மூச்சு வாங்குது. பானெட்ட தொறந்தா பாக்க சகிக்கல, அது வேற விஷயம்.

ஆக ஒரிஜினல் பாடிய புஷ் போடறதுதான் சரி, அத விட நல்லா எதுவும் ஓடாது. ஆனா இன்னிக்கு என்ன கேட்டீன்னா மாருதிது மாட்டிட்டு நிம்மதியா தூங்குன்னுதான் சொல்லுவேன், நேத்துதான் திரும்ப டயாஃப்ரம் மாத்துனேன், கை இன்னும் பெட்ரோல் நாறுது. அந்த டூப்ளிகேட் என்கிட்ட சும்மாதான் கெடக்கு, வேணும்னா வந்து எடுத்துக்க, ஃப்ளோட்ட மட்டும் நான் கழட்டிக்கிட்டேன்.